ஒளிக்கும் ஓர் உருவம் உண்டு

ஒளியைப் பற்றி எவரேனும் நம்மிடம் வினவினால், நாம் கூறக்கூடிய விடை பெரும்பாலும் இரண்டு செய்திகளுள் அடங்கிவிடும். ஒன்று, அவ்வொளி எவ்வளவு பிரகாசமானது என்பது. மற்றையது, அதன் நிறம் யாது என்பது. பௌதிகம் கற்றவர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கூறுவர். ஒளி ஓர் அலை. அவ்வலை மேலும் கீழுமாக அதிர்கின்றதா, பக்கவாட்டில் அதிர்கின்றதா, அன்றி அதிரும் திசையே வட்டமாகச் சுழன்றுகொண்டு செல்கின்றதா என்பதையும் அவர்கள் கணக்கில் எடுப்பர். இதனை முனைவாக்கம் என்பது பௌதிக நூல் வழக்கு. இம்மூன்றோடு ஒளியின் இலக்கணம் முற்றுப்பெற்றுவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது.

ஆயின், நான்காவதாக ஒன்று உண்டு. அதுவே ஒளிக்கற்றையின் உருவம். தச்சன் மரத்தைக் கடைந்து வேண்டிய வடிவம் கொடுப்பது போல, ஒளியின் அலைகளுக்கும் நாம் விரும்பிய வடிவத்தைக் கொடுக்கலாம்; அவ்வாறு வடிவம் பெற்ற ஒளி, வடிவமற்ற ஒளி செய்யாத செயல்களைச் செய்யும். இத்தகைய ஒளியைக் 'கட்டமைத்த ஒளி' என்று இன்று வழங்குகின்றனர். நேயர்களே, இத்துறையை வளர்த்தோருள் முன்னணியில் நிற்பவர்களில் ஒருவரான ஸ்கொட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைல்ஸ் பாட்ஜெற் அவர்களின் ஆராய்ச்சி வாழ்வை வழித்துணையாகக் கொண்டு, இப்பொருளை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பேராசிரியரிடம் செல்லுமுன் ஒரு பழைய வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஒளி ஒரு பொருளைத் தள்ளுமா? வால்வெள்ளியின் வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருப்பதைக் கண்ட கெப்ளர் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியே அதனைத் தள்ளுகின்றது போலும் என 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார். 1873இல் மக்ஸ்வெல் தமது மின்காந்தக் கொள்கையின் வாயிலாக அத்தள்ளுகையின் அளவைக் கணித்துக் காட்டினார். பின்னர் 1900ஆம் ஆண்டையொட்டி உருசிய நாட்டு லெபெடேவ் அதனைப் பரிசோதனையால் மெய்ப்பித்தார். அத்தள்ளுகை மிகச் சிறியது. ஒரு சதுர மீற்றர் பரப்பின் மீது உச்சி வெயில் முழுவதும் விழுந்தாலும், அது தரும் அழுத்தம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் பாரத்துக்கே ஒப்பாகும். வெயிலில் நிற்கும் நமக்குச் சூடு தெரிகின்றது, தள்ளுகை தெரிவதில்லை. அதற்குக் காரணம் இதுவே.

தள்ளக்கூடிய ஒளி, சுழற்றவும் கூடுமோ? இவ்வினாவை 1909இல் எழுப்பியவர் பேர்மிங்ஹாம் நகரப் பேராசிரியராக விளங்கிய ஜோன் ஹென்றி பொயின்ரிங். வட்டமாகச் சுழலும் முனைவாக்கமுடைய ஒளி, சுழலும் இயந்திரத் தண்டு ஒன்றினைப் போன்றது. ஆதலால் அது படும் பொருளை முறுக்குதல் வேண்டும் என்று அவர் வாதித்தார். சுழலும் பம்பரத்துக்கு உள்ள அந்தச் சுழற்சிப் பண்பைக் கோண உந்தம் என்பர். ஒளிக்கும் அது உண்டு என்பதே பொயின்ரிங் கண்ட முடிபு. எனினும் அதன் அளவு அளக்க முடியாத அளவு சிறியதாயிருக்கும் என்றே அவர் எண்ணினார். அந்த எண்ணத்தை 1936இல் ரிச்சர்ட் பெத் என்பவர் மாற்றினார். அமெரிக்காவின் பிரின்ஸ்ரனில், மெல்லிய படிகத் தகடு ஒன்றினை நுண்ணிய குவாட்ஸ் இழையிலே தொங்கவிட்டு, அதனூடாக ஒளியைச் செலுத்தி, இழை முறுகுவதை அவர் அளந்து காட்டினார்.

இவ்வாறு ஒளியின் தற்சுழற்சி மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் சுழற்சியில் இரண்டு வகை உண்டு. பூமி தன்னைத் தானே சுற்றுகின்றது. அதே வேளையில் சூரியனையும் சுற்றி வருகின்றது. முன்னையது தற்சுழற்சி, பின்னையது சுற்றுகை. ஒளியில் முன்னையதைக் கண்டோம். பின்னையதும் ஒளிக்கற்றையில் உண்டோ என்ற வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டிலே, ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில், லெஸ் அலன் என்ற ஆங்கிலப் பௌதிகரும், பேயர்ஸ்பெர்கன், ஸ்ப்றேயு, வூர்ட்மன் ஆகிய மூவரும் இணைந்து ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். ஒரு குறித்த வகை லேசர்க் கற்றை, தன் அச்சைச் சுற்றிச் செல்லும் கோண உந்தத்தைத் தாங்கிச் செல்கின்றது என்பதே அவ்வுரையின் சாரம்.

அக்கற்றை எத்தகையது என்பதை மனக்கண்ணில் காண முயல்வோம். சாதாரண லேசர்க் கற்றையில் அலையின் முகடுகள், அடுக்கி வைத்த தட்டுக்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வொரு தட்டும் மற்றையதிலிருந்து தனித்தது. இப்பொழுது அத்தட்டுக்களை ஓரிடத்தில் வெட்டி, ஒன்றின் விளிம்பை அடுத்ததன் விளிம்போடு பொருத்திக்கொண்டே போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தட்டுக்களின் அடுக்கு, சுருள் படிக்கட்டாக மாறிவிடும். அலைமுகம் இவ்வாறு திருகாணியின் புரி போலச் சுற்றிச் சுற்றி முன்னேறும் கற்றையே திருகிய ஒளி. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 2,000இல் ஒரு பங்காகும். ஆகவே ஒரு மில்லிமீற்றர் தூரத்துக்குள் இப்படிக்கட்டு ஏறத்தாழ 2,000 முறை சுற்றிவிடும்.

சுருள் படிக்கட்டின் நடுவே ஒரு வெற்றுத் தூண் இருப்பது போல, இக்கற்றையின் நடுவிலும் ஒரு வெறுமை உண்டு. அச்சிலே அலையின் முகடும் அகடும் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. முகட்டை அகடு அழித்துவிட, அங்கே ஒளி இல்லாது போகின்றது. எனவே இக்கற்றையைச் சுவரிலே விழச்செய்தால், நடுவில் இருட்டும் சுற்றிலும் வெளிச்சமுமாக ஒரு வளையம் தோன்றும்.

மேலும் ஒரு சிறப்பு இங்கே கவனிக்கத்தக்கது. கயிறு திரிப்போர் ஒரு புரியாலும் திரிக்கலாம். இரண்டு, மூன்று புரிகளைப் பின்னியும் திரிக்கலாம். அவ்வாறே ஒளியின் சுருளும் ஒரு புரியாகவோ, இரண்டாகவோ, பத்தாகவோ அமையலாம். வலமாகவும் திரியலாம், இடமாகவும் திரியலாம். புரிகளின் எண்ணிக்கை கூடக் கூட, கற்றை தாங்கும் கோண உந்தமும் அதே விகிதத்தில் கூடுகின்றது. முனைவாக்கத்தின் தற்சுழற்சியோ வலம், இடம் என இரண்டே நிலைகளை உடையது. இரண்டு எழுத்துக்களை மாத்திரம் கொண்ட நெடுங்கணக்குக்கும், வேண்டிய அளவு எழுத்துக்களைக் கொண்ட நெடுங்கணக்குக்கும் உள்ள வேறுபாடு இது. இந்த ஒப்புமையைச் சற்று நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் இது பயன்படும்.

இனிப் பேராசிரியரின் வாழ்வுக்கு வருவோம். மைல்ஸ் பாட்ஜெற் யோர்க், கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களிலே கற்றவர். 1990ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி புரிந்த காலத்திலே, மேலே கூறிய லெஸ் அலன் அவர்களோடு சேர்ந்து உழைக்கலானார். அலன் கொள்கையில் வல்லவர். பாட்ஜெற் கருவிகளை அமைத்துப் பரிசோதித்துப் பார்ப்பதில் வல்லவர். கொள்கையும் செய்முறையும் இவ்வாறு கைகோத்தமையே பின்வந்த வளர்ச்சிக்கு அத்திவாரமாயிற்று எனலாம்.

அவர்களுடைய முதற் பெரும் பரிசோதனைகளுள் ஒன்றினை விளங்கிக்கொள்ள, 'ஒளிச் சாவணம்' என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்க அறிஞர் ஆதர் அஷ்கின் 1986இல் தம் துணைவரோடு ஆக்கிய முறை அது. லேசர்க் கற்றையை நுணுக்குக்காட்டியின் வில்லையால் ஒரு புள்ளியில் குவித்தால், நீரில் மிதக்கும் நுண்துணிக்கை அப்புள்ளியிலே அகப்பட்டுக்கொள்ளும். சாவணத்தாற் பற்றியது போல அதனை இங்குமங்கும் நகர்த்தலாம். இக்கண்டுபிடிப்புக்காக அஷ்கின் தமது 96ஆம் வயதில், 2018இல், நோபல் பரிசு பெற்றார்.

சாவணத்தின் ஒளி திருகிய ஒளியாக இருந்தால், அகப்பட்ட துணிக்கை சுழலுமன்றோ? அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 1995இல் அவ்வாறு துணிக்கைகளைச் சுழலச் செய்து காட்டினர். 1997இல் பாட்ஜெற், அலன் முதலியோர் மேலும் ஒரு படி சென்றனர். ஒரு புரிச் சுருளுடைய கற்றைக்கு வட்ட முனைவாக்கத்தையும் அவர்கள் சேர்த்துக் கொடுத்தனர். சுருளும் முனைவாக்கமும் ஒரே திசையில் அமைந்தபொழுது துணிக்கை விரைந்து சுழன்றது. முனைவாக்கத்தை எதிர்த்திசைக்கு மாற்றியதும் சுழற்சி நின்றுவிட்டது. ஒன்று கொடுத்ததை மற்றொன்று மீட்டுக்கொண்டது. வரவும் செலவும் சரியாகி மீதி சூனியமாகிவிட்ட கணக்கேடு போல, ஒளியின் இருவகைச் சுழற்சிகளும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை என்பதை அந்தத் துணிக்கை நின்ற நிலையே காட்டிவிட்டது. சாவணத்துக்குத் துணையாக வந்த இக்கருவியை 'ஒளி ஸ்பனர்' என்று அவர்கள் பெயரிட்டனர்.

1999இல் பாட்ஜெற் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவர் அமைத்த ஆய்வுக்குழு உலகப் புகழ் பெற்றது. அக்குழுவின் வேலைக்கு உதவிய கருவி ஒன்றினை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். திருகிய ஒளியை ஆக்குவதற்கு மிக எளிய வழி, நெருங்கிய கோடுகள் வரைந்த ஒரு படத்தினூடாக லேசரைச் செலுத்துவது. கோடுகள் எல்லாம் ஒழுங்காகச் செல்ல, நடுவில் மட்டும் ஒரு கோடு கவர்விட்டு இரண்டாகப் பிரிந்து முட்கரண்டி போல் தோன்றுமாறு அப்படம் வரையப்படும். அந்தக் கவர் ஒளியின் அலைமுகத்தைத் திருகிவிடுகின்றது. கியேவ் நகர அறிஞர்கள் 1990இலேயே இம்முறையால் திருகிய கற்றைகளை ஆக்கியிருந்தனர். இப்பொழுது அப்படத்தைக் கண்ணாடியிலோ பிலிமிலோ வரையவேண்டியதில்லை. திரவப் பளிங்கினால் ஆன சிறு திரையில் கணனியே அதனை வரைந்துவிடும். ஒரு கணத்தில் ஒரு புரி. அடுத்த கணத்தில் மூன்று புரி. ஒளிக்கு வடிவம் கொடுக்கும் கடைசற் பட்டறை ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது.

இக்குழுவினர் ஆராய்ந்த முதல் வினாக்களுள் ஒன்று இது: ஒளி, போட்டன் எனப்படும் தனித்தனித் துணிக்கைகளாகவும் நடந்துகொள்கின்றதே, அவ்வாறாயின் ஒரேயொரு போட்டன் எத்தனை புரிச் சுருளை உடையது என்பதை அழியாமல் அறிய முடியுமா? 2002இல் ஜொனதன் லீச், ஜொகானஸ் கோர்ற்றியால் முதலியோரோடு பாட்ஜெற் அதற்கொரு வழி கண்டார். அதன் உபாயம் எளிமையானது. ஒற்றைப் புரியுடைய சுருளை அரைவட்டம் திருப்பினால், முன்பு முகடு இருந்த இடத்தில் இப்பொழுது அகடு நிற்கும். இரட்டைப் புரியுடையதை அரைவட்டம் திருப்பினாலோ, அது முன்பிருந்தது போலவே தோன்றும். ஆதலால் ஒளியை இரு பாதைகளிற் செலுத்தி, ஒரு பாதையிற் செல்வதை மாத்திரம் அரைவட்டம் திருப்பி, மீண்டும் இரண்டையும் கூடச் செய்தால், ஒற்றை எண் புரியுடையவை ஒரு வாயிலாலும், இரட்டை எண் புரியுடையவை மறு வாயிலாலும் வெளியேறும். இரட்டை எண்ணுடையவற்றை அடுத்த கட்டத்தில் கால்வட்டம் திருப்பி மேலும் பிரிக்கலாம். அரிசியைப் பல கண் அரிதட்டுக்களால் படிப்படியாகத் தரம் பிரிப்பது போன்ற செயல் இது.

கிளாஸ்கோவுக்கு ஒரு பழம் பெருமையும் உண்டு. வில்லியம் தொம்சன் என்னும் கெல்வின் பிரபு 1846 முதல் 1899 வரை, 53 ஆண்டுகள், அங்கே இயற்கைத் தத்துவப் பேராசிரியராக வீற்றிருந்தார். கெல்வின் என்பதும் பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் ஆற்றின் பெயரே. 1867இல் அவர் ஒரு விந்தையான கருத்தை வெளியிட்டார். வெளியெங்கும் நிறைந்துள்ளதாக அக்காலத்தார் நம்பிய ஈதர் என்னும் ஊடகத்திலே எழும் சுழிகளே அணுக்கள். அச்சுழிகள் வெவ்வேறு முடிச்சுக்களாக அமைவதாலேயே வெவ்வேறு மூலகங்கள் உண்டாகின்றன என்பது அக்கருத்து. அணுக்களைப் பற்றிய அக்கொள்கை பொய்த்துப்போயிற்று. ஆயினும் அதனால் தூண்டப்பட்ட முடிச்சுக்களின் ஆராய்ச்சி கணிதத்தில் தனியொரு துறையாக வளர்ந்தது.

இதனை ஏன் கூறுகின்றேன் எனில், திருகிய ஒளியின் நடுவிலுள்ள இருள் ஓர் இழை போல நீண்டு செல்வது. பல கற்றைகளைத் தகுந்த அளவிற் கலந்தால் அந்த இருள் இழைகள் வளையும், மடங்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அவற்றால் முடிச்சுப் போடவும் இயலும் என 2001இல் மைக்கேல் பெரி, மார்க் டெனிஸ் ஆகிய இருவரும் கணித்துக் கூறினர். 2004இல் பாட்ஜெற் குழுவினர் டெனிசோடு சேர்ந்து அதனைச் செய்துகாட்டி, 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். ஒளியின் நடுவே இருளினால் முடிச்சு. கெல்வின் பிரபு ஈதரிலே தேடிய முடிச்சு, அவர் கற்பித்த அதே பல்கலைக்கழகத்தாரால், அவர் எண்ணியிராத ஓரிடத்தில், கண்ணுக்குத் தெரிய முடியப்பட்டது. பாட்ஜெற் 2011இல் கெல்வின் பெயரால் விளங்கும் அந்த இயற்கைத் தத்துவப் பீடத்திலேயே அமர்த்தப்பட்டார்.

இனி, பயன்பாட்டை நெருங்கிய ஆராய்ச்சிகள் சிலவற்றை நோக்குவோம். ஊதிக்கொண்டு வரும் புகைவண்டி நம்மை நெருங்கும்பொழுது அதன் ஒலி உயர்ந்தும், விலகும்பொழுது தாழ்ந்தும் கேட்கின்றதன்றோ? இதனை டொப்ளர் விளைவு என்பர். ஒளிக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு தட்டு நம்மை நோக்கி வராமலும் விலகாமலும் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால், சாதாரண ஒளிக்கற்றையை அதன் நடுவே நேராகச் செலுத்தி அச்சுழற்சியை இம்முறையால் அறிய இயலாது. திருகிய ஒளியோ அதனை அறியும். வலமாகத் திரிந்த கற்றையையும் இடமாகத் திரிந்த கற்றையையும் ஒன்றாகக் கலந்தால், வளையத்துக்குப் பதிலாகப் பல இதழ்களையுடைய மலர் போன்ற உரு தோன்றும். இரண்டும் 18 புரியுடையனவாயின் இதழ்கள் 36 ஆகும். சுழலும் தட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சொரசொரப்பு ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு 36 முறை ஒளியிலும் 36 முறை இருளிலும் புகுந்து வருவதால், சிதறி வரும் ஒளி அதற்கேற்பத் துடிக்கின்றது. தட்டு செக்கனுக்கு 10 முறை சுழன்றால் துடிப்பின் மீடிறன் 360. துடிப்பை எண்ணினால் சுழற்சி வேகம் தெரிந்துவிடும். மார்ட்டின் லவரி, ஸ்பெய்ரிற்ஸ், பார்னெற் ஆகியோரோடு பாட்ஜெற் செய்த இப்பரிசோதனை 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியாயிற்று.

இன்னொன்று 2015இல் நிகழ்ந்தது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் என்பதும், அது மாறாதது என்பதும் பாடசாலை மாணவரும் அறிந்ததே. எடின்பரோவிலுள்ள ஹெரியற்-வாட் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கிளாஸ்கோக் குழுவினர் இரண்டு போட்டன்களை ஓட்டப் பந்தயம் விட்டனர். ஒன்று வடிவம் கொடுக்கப்படாதது. மற்றையது வடிவம் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மீற்றர் ஓடியபின், வடிவம் பெற்றது சில மைக்கிரோமீற்றர் பின்தங்கியிருந்தது. காரணம் மாயமன்று. வடிவம் பெற்ற கற்றை சற்றே சாய்ந்து செல்லும் பல அலைகளின் கூட்டு. நேர் வீதியில் நடப்பவனைக் காட்டிலும், வீதியின் குறுக்கே சாய்ந்து சாய்ந்து நடப்பவன் அதே நடைவேகத்தோடும் பின்தங்குவது இயல்பு. ஐன்ஸ்ரைன் வகுத்த எல்லை இங்கே மீறப்படவில்லை. எந்தப் போட்டனும் அவ்வெல்லையைத் தாண்டிச் செல்லவில்லை. ஆயினும் வெற்றிடத்திலுங்கூட ஒளி வந்து சேரும் நேரம் அதன் வடிவத்தையும் பொறுத்தது என்பது அன்று ஐயமற நிறுவப்பட்டது.

வடிவம் என்னும் கருத்து, திருகுதலோடு நின்றுவிடவில்லை. சாதாரணக் கமரா ஒன்றில் ஒளியை உணரும் புள்ளிகள் பல இலட்சம் உண்டு. ஒரேயொரு புள்ளியை வைத்துக்கொண்டு படம் பிடிக்க முடியுமா? முடியும். கறுப்பும் வெளுப்பும் கலந்த சதுரங்கப் பலகை போன்ற கோலங்களை, ஒன்றன்பின் ஒன்றாக, பொருளின்மீது ஒளியால் விழச் செய்யவேண்டும். ஒவ்வொரு கோலத்துக்கும் மொத்தமாக எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பதை மாத்திரம் அந்த ஒற்றைப் புள்ளி அளக்கும். கோலங்கள் எவை என்பது நமக்குத் தெரியும். வந்த ஒளியின் அளவும் தெரியும். எஞ்சியது கணக்கு. கணனி அக்கணக்கைச் செய்து படத்தை மீட்டுத் தந்துவிடும். இம்முறையால் முப்பரிமாணப் படத்தையே கிளாஸ்கோக் குழுவினர் 2013இல் எடுத்துக் காட்டினர்.

இதன் பயன் யாதெனில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பல இலட்சம் புள்ளிகளையுடைய உணரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளிக்கோ அவை விலையுயர்ந்தவை. ஒற்றைப் புள்ளி போதுமாயின் செலவு குறையும். மெதேன் வாயு நிறமற்றது, மணமற்றது, குழாயில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது செங்கீழ் ஒளியின் ஒரு குறித்த அலைநீளத்தை உறிஞ்சும். ஒற்றைப் புள்ளிக் கமராவால் அக்கசிவை அவ்வப்பொழுதே படமாகக் காணும் முறையை 2017இல் இக்குழுவினர் வெளியிட்டனர். ஆபத்து எங்கே என்பதைத் தொழிலாளி தன் கண்ணாற் காண வழி பிறந்தது.

முன்னர் கூறிய நெடுங்கணக்கை இப்பொழுது நினைவுகூர்வோம். சுருளின் புரி எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாயின், ஒளியால் அதிகச் செய்தி அனுப்பலாமன்றோ? 2004இல் கிளாஸ்கோக் குழுவினர் வெளியினூடாக அவ்வாறு செய்தி அனுப்பிக் காட்டினர். 2012இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர், பல சுருள்களை ஒரே கற்றையில் ஏற்றி மிகப் பெருந்தொகையான தகவலை அனுப்பினர். 2014இல் வியன்னா நகர வானத்தின் குறுக்கே 3 கிலோமீற்றர் தூரத்துக்கு இத்தகைய ஒளியால் படங்கள் அனுப்பப்பட்டன. இதற்கென ஆக்கிய கண்ணாடி இழையில் 1.1 கிலோமீற்றர் தூரம் சுருள்கள் சிதையாமற் சென்றமை 2013இல் காட்டப்பட்டது.

இவ்விடத்தில்தான் நேயர்கள் சற்று நிதானித்தல் வேண்டும். எழுத்துக்களுக்கு எல்லையில்லை என்றால், அனுப்பக்கூடிய செய்திக்கும் எல்லையில்லை என்று பலர் மகிழ்ந்து எழுதினர். உண்மை அத்துணை எளிதன்று. புரிகள் கூடக் கூட ஒளி வளையம் அகன்றுகொண்டே போகின்றது. தூரம் செல்லச் செல்ல மேலும் விரிகின்றது. அதனை முழுமையாக ஏற்கும் அளவுக்குப் பெரிய வில்லை மறுமுனையில் இருந்தாலன்றிச் செய்தி சிந்திப்போகும். எனவே எத்தனை சுருள்களைப் பயன்படுத்தலாம் என்பதை வில்லைகளின் பருமனும் இடைத்தூரமுமே வரையறுக்கின்றன. அன்றியும், வெயிலில் தார் வீதியின் மேலே காற்று நெளிவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறு நெளியும் காற்றுச் சுருளின் வடிவத்தைக் குலைத்து, ஓர் எழுத்தை அயல் எழுத்தாக மாற்றிவிடும். இக்குறைகளை நீக்கும் முயற்சி பல நாடுகளில் நடைபெறுகின்றது. நம் வீட்டுத் தொலைபேசியும் கணனியும் பயன்படுத்தும் கம்பிவழித் தொடர்பில் திருகிய ஒளி இன்னும் இடம் பிடிக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

அங்ஙனமாயின், இத்துணை உழைப்பினாற் கிடைத்த பயன் யாது என எவரேனும் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. பொது மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றி அவர்கள் கேட்க உரிமையுள்ள கேள்வியுமாகும். அதற்கு விடை கூறப் புகுந்தால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே போதும். பொயின்ரிங் 1909இல் கேட்டார். 1936இல் பெத் அளந்தார். 1992இல் லெய்டனில் சுருளின் பொருள் விளங்கிற்று. 1997இல் ஒரு நுண்துணிக்கை சுழன்று நின்றது. 2017இல் வாயுக் கசிவு படமாயிற்று. இவ்வரிசையில் முன்னின்றோர் எவரும் இறுதியில் நிற்பதைக் கண்டிருக்கவில்லை. ஒளி முறுக்குமா என்று கேட்டவர் குழாய்க் கசிவைப் பற்றி நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒளிக்கு வடிவம் உண்டு, அதனை ஆக்கவும் அளக்கவும் கூடும் என்ற எண்ணம் வேரூன்றியிராவிடின், கோலங்களை எறிந்து படம் மீட்கும் கைத்திறன் அப்பட்டறையிலே வளர்ந்திராது.

பாட்ஜெற் அவர்களுக்குப் பல விருதுகள் கிடைத்துள்ளன. 2014இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். நெடுங்காலமாக வழங்கப்பெறும் றம்ஃபோர்ட் பதக்கத்தை அச்சங்கம் 2019இல் அவருக்கு வழங்கிற்று. 2014இல் பிரித்தானியாவில் குவாண்டம் முறைகளைப் படம்பிடிக்கும் தொழிலுக்குப் பயன்படுத்துவதற்கென நிறுவப்பட்ட தேசிய ஆய்வு மையத்தைத் தலைமை தாங்கி நடத்தும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. அறிவுக்காகவே தொடங்கிய ஆராய்ச்சியாளர் கைத்தொழிலோடும் கைகோத்து நிற்பதை இது காட்டுகின்றது.

விருதுகளைக் காட்டிலும் நம் மாணவர் உள்ளத்திற் கொள்ளத்தக்கது வேறொன்று. இப்பேச்சிலே கூறப்பட்ட பரிசோதனைகளுட் பெரும்பாலானவை, மலை குடைந்து அமைத்த மாபெரும் இயந்திரங்களால் நடந்தவையல்ல. ஒரு லேசர், சில வில்லைகள், சில ஆடிகள், ஒரு சிறு திரை, ஒரு கணனி. இவற்றை ஏந்த ஒரு மேசை. அம்மேசையைச் சுற்றி நின்றோரோ ஒருவரல்லர். கொள்கையாளர், கருவி அமைப்போர், பட்டம் பெறாத மாணவர் எனப் பலர். ஒவ்வொரு கட்டுரையிலும் அவர்கள் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. தெளிவாகக் கேட்கப்பட்ட சிறிய வினாவும், அதனை விடாது பற்றி நிற்கும் பொறுமையும், கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் மிகையாகக் கூறாத நேர்மையும் இருந்தால், அத்தகைய மேசை எந்நாட்டிலும் அமையலாம்.